“இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” – பொதுச் சார்ஜரில் பழகும் முறை

பொது சார்ஜிங் பாயிண்டில் மின்சார வண்டியைப் போட்டுவிட்டு நிற்பவரிடம், பின்னால் வந்து சேர்கிறவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வழக்கமாக வரும் பதில், “ஒரு அரை மணி நேரம் ஆகும் சார்.” அந்த அரை மணி சில நாள் இருபது நிமிடத்தில் முடியும், சில நாள் ஒன்றேகால் மணி நேரம் இழுக்கும். மனஸ்தாபம் வருவது காத்திருந்ததால் அல்ல, சொன்ன நேரம் பொய்த்துப் போனதால்தான். கேட்டவர் அந்தப் பதிலை வைத்துத்தான் இங்கேயே நிற்பதா, அடுத்த பாயிண்டைத் தேடிப் போவதா என்று முடிவெடுக்கிறார். அவர் வண்டியில் 9 சதவீதம்தான் மிச்சம் என்றால் அது சின்ன முடிவு இல்லை.

பொது சார்ஜரில் நாகரிகம் என்று பேசப்படுவதில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். சரியான நேரத்தைச் சொல்லத் தெரிய வேண்டும், சொன்னபடி கிளம்பவும் வேண்டும். இதற்கு நல்ல மனசு மட்டும் போதாது, கொஞ்சம் கணக்கும் தெரிய வேண்டும்.

நேரக் கணக்கு

50 யூனிட் கொள்ளும் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். யூனிட் என்றால் வீட்டு மீட்டரில் ஓடும் அதே கிலோவாட் மணிதான். 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 30 யூனிட் வேண்டும். சார்ஜர் மேல் 50 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. 30-ஐ 50-ஆல் வகுத்தால் 36 நிமிடம். இந்தக் கணக்கு தப்பு.

சார்ஜர் பெட்டியின் மேல் எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்சம். உண்மையில் வருவது ஆம்பியரையும் வோல்டேஜையும் பெருக்கினால் கிடைப்பது. பழைய 50 கிலோவாட் பெட்டிகள் பலவும் 125 ஆம்பியருக்கு மேல் தராது. உங்கள் பேட்டரி அப்போது 360 வோல்ட்டில் இருந்தால் 125 × 360 = 45,000 வாட், அதாவது 45 கிலோவாட். பெட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வண்டி கேட்பதற்கு மேல் ஒரு ஆம்பியர்கூடத் தராது. 350 கிலோவாட் பெட்டியில் 50 கிலோவாட் வண்டியைப் போட்டாலும் வருவது 50-தான். பேட்டரி குளிர்ந்து கிடந்தால் வண்டியே குறைத்துக் கேட்கும். நீண்ட தூரம் ஓட்டி, ஏற்கெனவே இரண்டு முறை ஃபாஸ்ட் சார்ஜ் செய்து சூடேறியிருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே எழுதியிருப்பதை விட்டுவிட்டு, திரையில் ஓடும் கிலோவாட் எண்ணைப் பாருங்கள். கன்னை (கேபிள் முனையில் இருக்கும் கைப்பிடியை) வண்டியில் செருகி மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள், அதற்கு முன் அந்த எண் நிலைக்காது. தேவையான யூனிட்டை அந்தக் கிலோவாட்டால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் நிமிடம் வந்துவிடும். 30 ÷ 45 × 60 = 40. நிறுத்த, லாக் விடுவிக்க, கேபிளை மாட்ட, வண்டியை எடுக்க ஐந்து நிமிடம் சேருங்கள். “முக்கால் மணி நேரம்” என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். பெரும்பாலான டிசி பெட்டிகளின் (பேட்டரிக்கு நேர்மின்சாரத்தை நேரடியாகத் தரும் ஃபாஸ்ட் சார்ஜர்களின்) திரையிலேயே “மீதி நேரம்” என்று ஒன்று வரும். அது பெரும்பாலும் 100 சதவீதத்துக்கான நேரம், அதுவும் தோராயமான கணக்குதான். அதைப் படித்துக் காட்டுவது பதில் ஆகாது.

80-க்கு மேல் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இங்கே பாதிப் பிரச்சினை தீரும். செல் தன் வோல்டேஜ் வரம்பை நெருங்கியதும் அதற்கு மேல் ஏறவிடக் கூடாது. வழக்கமான நிக்கல் வகை லித்தியம் செல்லுக்கு அந்த வரம்பு சுமார் 4.2 வோல்ட், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லுக்கு 3.65. வோல்டேஜைப் பிடித்துவைக்க ஒரே வழி ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே போவது. குடம் கழுத்துவரை வந்ததும் குழாயைச் சிறிதாக்குவது போல. நம் 50 யூனிட் வண்டியில் கடைசி 20 சதவீதம் வெறும் 10 யூனிட். அது சராசரியாக 15 கிலோவாட்டில் ஏறினால் 40 நிமிடம் ஆகும். முதலில் 60 சதவீதம் ஏறவும் அதே 40 நிமிடம்தான் ஆனது.

இதனால்தான் “80-இல் கிளம்பு” என்ற பேச்சு. ஆனால் 80 என்பது சட்டம் இல்லை. சில வண்டிகள் 60-ஐத் தாண்டியதுமே தளர்ந்துவிடும், சில 80 தாண்டியும் இழுக்கும். யார் வண்டியாக இருந்தாலும் பொருந்துகிற அடையாளம் கிலோவாட் எண்தான். முதலில் 45 வந்துகொண்டிருந்தது 15-க்கு இறங்கிவிட்டது, பின்னால் ஒருவர் நிற்கிறார் என்றால் நீங்கள் ஃபாஸ்ட் சார்ஜரைப் பயன்படுத்தவில்லை, அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் எடுப்பது நியாயமான அளவு என்பது என் கருத்து. பின்னால் யாருமே இல்லையென்றால் 100 வரை போட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்கிறவர்களையும் பார்க்க முடிகிறது, தேவையே இல்லை.

அடுத்த பாயிண்ட் எட்டாத தூரத்தில் இருந்தால் 80-க்கு மேல் போடத்தான் வேண்டும். அப்போது எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்காக எடுங்கள். 240 கிலோமீட்டர் போக வேண்டும், வண்டி யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் 40 யூனிட், அதாவது 80 சதவீதம். கையிருப்பாகப் பத்து சேர்த்து 90. “முழுசா போட்டுட்டுப் போயிடுறேன்” என்பதற்கும் “90-இல் எடுத்துடுவேன், அடுத்த 240 கிலோமீட்டருக்கு சார்ஜர் இல்லை” என்பதற்கும் கேட்கிறவர் காதில் பெரிய வித்தியாசம் உண்டு.

எல்எஃப்பி பேட்டரிக்காரர்கள் சிலர், “எங்க கம்பெனியே வாரம் ஒருமுறை 100 போடச் சொல்லுது” என்பார்கள். உண்மைதான். எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் நடுவில் தட்டையாகவே கிடப்பதால் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை வண்டியால் சரியாக ஊகிக்க முடியாது. உச்சியைத் தொட்டால்தான் கணக்கு நேராகும். ஆனால் அதை இரவில் வீட்டிலோ வீட்டில் வருவது போன்ற மாறுமின்சாரம் தரும் மெதுவான ஏசி பாயிண்டிலோ செய்துகொள்ளலாம். நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரில் நான்கு வண்டி பின்னால் நிற்கும்போது செய்யவேண்டிய வேலை இல்லை அது.

ஒரு பெட்டி, இரண்டு கன்

சொன்ன நேரம் பொய்த்துப் போக முக்கியமான காரணம் பக்கத்துக் கன். 60 கிலோவாட் பெட்டியில் இரண்டு கன் தொங்கினால் ஒவ்வொன்றும் 60 தரும் என்று அர்த்தம் இல்லை. ஒரு வண்டி மட்டும் இருந்தால் 60, இரண்டாவது வண்டி செருகியதும் 30-30. உங்களுக்கு இன்னும் 15 யூனிட் வேண்டியிருந்து 45-இல் ஏறிக்கொண்டிருந்தால் 20 நிமிடம். பக்கத்தில் செருகிய நொடியே அது 30 நிமிடம் ஆகிவிடும்.

உள்ளே இருப்பது ஒரே பெரிய யந்திரம் அல்ல, அடுக்கிவைத்த பவர் மாட்யூல்கள். 60 கிலோவாட் பெட்டிக்குள் 30 கிலோவாட் மாட்யூல் இரண்டு என்றால், பல பெட்டிகளில் ஒரு கன்னுக்கு முழு மாட்யூலாகத்தான் ஒதுக்க முடியும். பக்கத்தில் வந்தவர் 92 சதவீதத்தில் செருகி 12 கிலோவாட் மட்டும் இழுத்தாலும் அவருக்கென ஒரு மாட்யூல் போய்விடும். மீதி 18 கிலோவாட் யாருக்கும் உதவாமல் கிடக்கும். நிறைந்த வண்டியை இன்னும் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளலாமே என்று செருகுவது பக்கத்தில் இருப்பவர் வேகத்தைப் பாதியாக்குவது இப்படித்தான்.

ஆகவே காலியாக இன்னொரு பெட்டி இருந்தால் அங்கே போங்கள், ஒரே பெட்டியின் இரண்டாவது கன்னைக் கடைசியாக எடுங்கள். வேறு வழியில்லை என்றால் செருகும் முன் ஒரு வார்த்தை: “நான் இதில் போடுறேன், உங்களுக்கு வேகம் குறையும்.” அவருக்கு “போடாதே” என்று சொல்ல உரிமை இல்லை, உங்களுக்கும் சொல்லாமல் செருகும் உரிமை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்திருந்தால் அவர் தனக்குப் பின்னால் நிற்பவரிடம் நேரத்தைத் திருத்திச் சொல்வார்.

டெஸ்லாவின் இரண்டாம் தலைமுறை சூப்பர்சார்ஜர்களில் 1ஏ, 1பி என்று எண் போட்டிருப்பார்கள். ஒரே எண் கொண்ட இரண்டும் ஒரே மூலத்தைப் பங்குபோடும். 1ஏ-இல் வண்டி நின்றால் 2ஏ-வுக்குப் போவதுதான் இருவருக்கும் லாபம். வேறு நிறுவனப் பெட்டிகளில் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. இரண்டு கேபிளும் ஒரே பெட்டியிலிருந்து வருகிறதா என்று பார்த்தாலே போதும்.

இன்னொரு வகைப் பழைய பெட்டி உண்டு. சிசிஎஸ், சாடெமோ என்ற இரண்டு வகை டிசி கன்னிலும் ஒவ்வொன்று இருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். ஆப் இரண்டையும் காலி என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே நிற்பவருக்கு இது தெரிந்திருந்தால், வண்டியை ரிவர்ஸ் எடுத்து மல்லுக்கட்டி நிறுத்துவதற்கு முன்பே வருகிறவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எந்த வண்டிக்கு எந்தப் பெட்டி என்பதும் இதோடு சேர்ந்தது. உங்கள் வண்டி 50-க்கு மேல் வாங்காது, அங்கே 60-உம் 150-உம் காலியாக இருக்கிறது என்றால் 60-இல் போடுங்கள். அதிக வேகத்தில் ஏற்றிக்கொள்ளும் 800 வோல்ட் வண்டி வந்தால் அதற்கு அந்தப் பெரிய பெட்டியால்தான் முழுப் பயன்.

ஏசி பாயிண்ட் தனி உலகம்

டிசி பெட்டியின் திரையில் வண்டியின் சதவீதம் தெரியும், ஏனென்றால் வண்டியும் பெட்டியும் பேசிக்கொள்கின்றன. சாதாரண ஏசி பாயிண்டுக்கு அது தெரியாது. அது ஒரு மெல்லிய கம்பி வழியாக “என்னால் இத்தனை ஆம்பியர் வரை தர முடியும்” என்று சைகை மட்டும் காட்டும், எவ்வளவு இழுப்பது என்பதை வண்டிக்குள் இருக்கும் சார்ஜரே முடிவு செய்யும். ஆகவே காத்திருப்பவர் பெட்டியைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. வண்டிக்காரர்தான் சொல்ல வேண்டும்.

22 கிலோவாட் ஏசி பாயிண்டில் போட்டாலும் வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் 7.2 கிலோவாட் என்றால் 7.2 மட்டும்தான் ஏறும். அதே 30 யூனிட்டுக்கு 4 மணி 10 நிமிடம், ஏசியை டிசியாக மாற்றுவதில் வீணாகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் நாலரை மணிக்கு மேல். 3.3 கிலோவாட் வண்டியானால் 10 மணி நேரம். இவ்வளவு நேரம் யாரும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், உட்காரவும் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அட்டை வையுங்கள்: கிளம்பும் நேரம், கூப்பிட ஒரு எண். எண் எழுதப் பிடிக்காதவர்கள் பிளக்ஷேர் போன்ற ஆப்பில் செக்-இன் செய்து கிளம்பும் நேரத்தை இடலாம். “சீக்கிரம் வந்துவிடுவேன்” என்று எழுதிவைப்பதும் ஒன்றுமே எழுதாததும் ஒன்றுதான். “மாலை 5.30-க்கு எடுப்பேன்” என்று எழுதுங்கள்.

ஏசி பாயிண்டில் போட்டுவிட்டு உள்ளே குளிர்சாதனம் போட்டு உட்காருவது வேறு கதை. குளிர்சாதனம் ஒன்றிரண்டு கிலோவாட் தின்னும். டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் 45-இல் அது பெரிய பங்கில்லை. 3.3-இல் ஏறும் வண்டியில் பாதி அங்கேயே போய்விடும், உங்கள் பத்து மணி நேரம் பதினைந்து இருபது என நீளும்.

பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகளைப் பற்றி எப்போதும் வாக்குவாதம் உண்டு. அவர்களும் காசு கொடுக்கிறார்கள், உரிமை சமம். ஆனால் அவர்களிடம் பெட்ரோல் டாங்க் இருக்கிறது, பக்கத்தில் நிற்பவரிடம் இல்லை. 3 கிலோவாட் சொச்சத்தில் மெல்ல ஏற்றிக்கொண்டு, இருக்கும் ஒரே பாயிண்டைப் பிடித்துவைத்திருக்கும் ஹைப்ரிட்காரர் யாராவது கேட்டால் விட்டுக்கொடுப்பது அழகு.

அடுத்தவர் கன்னைத் தொடலாமா?

ஓடிக்கொண்டிருக்கும்போது கூடாது, அதில் விவாதமே இல்லை. முடிந்த பிறகு? முதலில், முடிந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? திரையில் 0 கிலோவாட் என்று வந்தால் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. டைமர் போட்டிருக்கலாம், மின்சாரம் எடுக்கும் நேரத்துக்காக வண்டி காத்திருக்கலாம். வாலட்டில் பணம் தீர்ந்திருக்கலாம். பேட்டரி சூடாகி வண்டியே சற்று நிறுத்தி வைத்திருக்கலாம். சார்ஜ் போர்ட்டில் எரியும் விளக்கின் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு வண்டியில் பச்சை மின்னினால் ஏறுகிறது, இன்னொன்றில் அதுவே வேறு பொருள்.

எடுக்க நினைத்தாலும் பெரும்பாலும் எடுக்க முடியாது. சிசிஎஸ்-2 (டிசி கன் வகை), டைப்-2 (ஏசி கன் வகை) இரண்டிலும் வண்டியின் போர்ட்டுக்குள் ஒரு சின்ன ஊசி நீண்டு கன்னைப் பூட்டிவிடும். சார்ஜ் முடிந்ததும் தானே திறக்கும்படி சில வண்டிகளில் அமைக்கலாம், சாவி இல்லாமல் திறக்காதவையும் உண்டு. கேபிள் இல்லாமல் சாக்கெட் மட்டும் இருக்கும் ஏசி பாயிண்டில் கேபிளின் இரண்டு முனையும் பூட்டிக்கொள்ளும். டைப்-1 என்ற இன்னொரு ஏசி வகைக் கன்னில் கைப்பிடி மேல் ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் பல வண்டிகளில் கழன்றுவிடும். அழுத்தியதும் வண்டிக்குச் சைகை போய் மின்சாரம் நிற்கும், பிறகுதான் முனைகள் பிரியும். ஆகவே ஆபத்து குறைவு. ஆனால் ஊரார் வண்டியில் கை வைத்தால் அலாரம் அலறும், போனில் செய்தி போகும்.

உரிமையாளரே “முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதியோ சொல்லியோ இருந்தால் மட்டும் எடுங்கள். எடுத்தபின் கன்னை அதன் இடத்தில் மாட்டி, அவர் வண்டியின் போர்ட் மூடியை மூடுங்கள். கண்ணாடியில் எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு. பூட்டியிருந்தால் இழுக்காதீர்கள். அந்த ஊசி வளைந்தால் அவர் வண்டி அதன்பின் எந்தச் சார்ஜரிலும் பூட்டாது, பூட்டாத வண்டிக்கு டிசி சார்ஜர் மின்சாரம் தராது.

பொறுமை இழந்தவர்கள் செய்யும் இன்னொரு காரியம், சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்துவது. தன் சொந்த சார்ஜை நிறுத்தவே அதை அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், பெரிதாகச் சிவப்பாக இருப்பதால் அதுதான் ஸ்டாப் என்று நினைத்துக்கொண்டு. அது தீ, புகை, மின் அதிர்ச்சிக்கானது. அழுத்தினால் பெட்டி முழுக்கச் செத்துவிடும், பக்கத்துக் கன்னும் சேர்த்து. பட்டனைத் திருகி விடுவித்த பிறகும் சில பெட்டிகளை ஆள் வந்துதான் மீட்டமைக்க வேண்டும். அதுவரை வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் போக வேண்டியதுதான்.

எடுத்துக் கிளம்புவது

ஆப்பிலோ திரையிலோ நிறுத்துங்கள். கிலோவாட் 0-க்கு வந்து, வண்டிக்குள் “டக்” என்று ரிலே விடுபடும் சத்தம் கேட்கும். அதன் பிறகு வண்டியை அன்லாக் செய்து கன்னை நேராக வெளியே இழுங்கள். வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். டிசி கேபிள் கனமானது, அதன் எடை கீழே இழுப்பதால் கன் சாய்ந்து அந்த ஊசியை இறுக்கிப் பிடித்திருக்கும். ஒரு கையால் கேபிளைத் தூக்கித் தாங்கி, கன்னைச் சற்று உள்ளே தள்ளிக்கொண்டே மறுபடி அன்லாக் செய்தால் பெரும்பாலும் விட்டுவிடும். செருகும்போதும் இதேதான். பல “சார்ஜர் வேலை செய்யலை”களுக்குக் காரணம் கேபிளைத் தாங்காமல் செருகி, ஊசி முழுதாக இறங்காமல் போனது. லாக் விழும் சத்தம் வரும்வரை பத்து நொடி தாங்கிப் பிடியுங்கள். இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் பல வண்டிகளில் டிக்கிக்குள்ளோ பானெட் அடியிலோ கையால் இழுக்கும் ஒரு ரிலீஸ் கயிறு இருக்கும். அது எங்கே என்று மேனுவலில் இன்றே பார்த்து வையுங்கள், பின்னால் மூன்று பேர் நிற்கும்போது தேடாதீர்கள். மின்சாரம் ஓடும்போது அதை இழுக்கவே கூடாது.

கன்னை ஹோல்ஸ்டரில், அதாவது பெட்டியில் அதை மாட்டும் கூட்டில், முழுதாகச் செருகி, கேபிளைச் சுற்றி மாட்டுங்கள். சில பெட்டிகளில் கன் சரியாக உட்கார்ந்தால்தான் ஆப்பில் “காலி” என்று மாறும். தரையில் போட்ட கன்னுக்குள் மண்ணும் தண்ணீரும் புகும். அதன்மேல் ஒரு டயர் ஏறினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டு, அடுத்தவருக்கு இன்சுலேஷன் ஃபால்ட் (மின்கசிவுப் பழுது) என்று நின்றுவிடும். மழையில் சார்ஜ் போடுவதில் பயமில்லை, வண்டியும் பெட்டியும் ஒன்றையொன்று சரிபார்க்கும்வரை டிசி முனைகளில் மின்சாரம் வராது. குட்டையில் விழுந்த கன்னை மட்டும் செருகாதீர்கள்.

பில் பார்ப்பது, ரேட்டிங் போடுவது, பிள்ளைகளை பெல்ட் போட வைப்பது எல்லாம் வண்டியை இடத்தைவிட்டு எடுத்த பிறகு.

எப்போது நிற்க வேண்டும் என்ற வரம்பை ஆப்பில் தொகையாக வைக்காமல் வண்டியில் சதவீதமாக வையுங்கள். தொகை வைத்தால் அது எதிர்பாராத நேரத்தில் தீரும், நீங்கள் எங்கோ இருப்பீர்கள், வண்டி பாயிண்டை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆப் செய்தி அனுப்பும் என்று நம்பவும் வேண்டாம். அடித்தளப் பார்க்கிங்கில் சிக்னல் இருக்காது. கணக்குப் போட்ட நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போனில் அலாரம் வைப்பது பழைய முறை, ஆனால் தவறாது.

முடிந்த பிறகும் நிற்கும் வண்டிக்கு டெஸ்லா 2016 டிசம்பரில் நிமிடக் கட்டணம் கொண்டுவந்தது. அதன் பிறகு பல நிறுவனங்கள் அதே வழியில் வந்துவிட்டன. இதில் ஒரு கோணல் உண்டு. கட்டணம் என்று வந்ததும் சிலர் அதை வாடகையாக எடுத்துக்கொள்கிறார்கள்: “காசு கட்டுறேன்ல, நிக்கிறேன்.” அது அபராதம். காத்திருப்பவருக்கு அந்தக் காசில் ஒரு பைசாவும் வரப்போவதில்லை.

வரிசை

சார்ஜர் இடங்கள் பார்க்கிங் போல அடுத்தடுத்து இருப்பதால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க முடியாது. ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள், யார் முதலில் வந்தார் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் வரிசை வாயால்தான் உருவாகும். வந்ததும் இறங்கி, “யார் கடைசி?” என்று கேளுங்கள். அவருக்குப் பின்னால் நீங்கள். உங்களுக்குப் பின் வருகிறவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எல்லாக் கன்னுக்கும் சேர்த்து ஒரே வரிசை என்பதுதான் நியாயம். ஒவ்வொரு கன்னுக்கும் ஒரு வண்டி என்று பின்னால் போய் நின்றால் அதிர்ஷ்டக்காரர் முந்துவார். முன்னால் இருப்பவர் வண்டிக்குப் பொருந்தாத கன் காலியானால் பொருந்துகிற அடுத்தவர் போகலாம், வரிசை கெட்டதாகாது. காத்திருக்கும் வண்டியை, சார்ஜ் ஆகும் வண்டி வெளியே வரும் வழியில் நிறுத்தாதீர்கள். இதைச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றும், ஆனால் நடப்பது அதுதான்.

நண்பர் வருகிறார் என்று பையைப் போட்டு இடம் பிடிப்பது, டாக்ஸி நிறுவன வண்டிகள் நான்கு சேர்ந்து நான்கு கன்னையும் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் மாற்றிக்கொள்வது, இரண்டும் ஒன்றுதான். ஆப்பில் முன்பதிவு வசதி இருந்தால் அது வேறு. போகாவிட்டால் ரத்து செய்யுங்கள்.

4 சதவீதத்தில் ஒருவர் வந்து கெஞ்சுகிறார், நீங்கள் 55-இல் இருக்கிறீர்கள். முழு இடத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 45 கிலோவாட்டில் பத்து நிமிடம் என்றால் 7.5 யூனிட், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் 45 கிலோமீட்டர். அடுத்த பாயிண்ட் 30 கிலோமீட்டரில் இருந்தால் அவருக்கு அது போதும். நிறுத்தி மறுபடி தொடங்க உங்களுக்கு ஐந்து நிமிடம் கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வரிசையில் இன்னொருவர் நின்றால் அவரிடமும் கேட்க வேண்டும், உங்கள் நேரத்தை மட்டும்தான் நீங்கள் தானம் செய்ய முடியும். கேட்கிறவர் கேட்கலாம், அதட்டக் கூடாது.

பெட்ரோல் வண்டி இடத்தை அடைத்து நிற்பதற்கு எல்லோரும் கொதிக்கிறார்கள். கன் செருகாமல் நிழலுக்காக நிற்கும் மின்சார வண்டியும் அதையேதான் செய்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. டிரைவரைத் தேடிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்துப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். பின்னால் வண்டியைப் போட்டு மறிப்பது உங்களையும் அங்கேயே கட்டிப்போடும்.

போர்ட் எங்கே இருக்கிறது என்பதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் எட்டாமல் இரண்டு இடத்தில் குறுக்கே நிறுத்துவது ஒரு கன்னை வீணாக்கும். 2021 நவம்பரில் நெதர்லாந்தில் டெஸ்லா தன் சூப்பர்சார்ஜர்களை மற்ற வண்டிகளுக்குத் திறந்தபோது இந்தச் சிக்கல் பளிச்சென்று தெரிந்தது. அங்கே கேபிள் குட்டை, டெஸ்லாவின் போர்ட் பின்பக்கம் இடதில். போர்ட் வேறு மூலையில் உள்ள வண்டி பக்கத்து இடத்தில் நின்றால்தான் எட்டும். அப்படி நிற்க வேண்டிவந்தால் ஓரத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அங்கே வீணாவதற்குப் பக்கத்தில் இன்னொரு கன் இருக்காது. எங்கே நின்றாலும் கேபிள் நடைபாதைக்குக் குறுக்கே, அதிலும் சக்கர நாற்காலி போகும் வழியில், கிடக்கக் கூடாது.

பழுதைச் சொல்லும் முறை

சார்ஜ் தொடங்கவில்லை என்றால் கன்னை எடுத்து ஒரு நிமிடம் விடுங்கள், வண்டியைப் பூட்டித் திறங்கள், கேபிளைத் தாங்கி மறுபடி செருகி லாக் விழுந்த பிறகு ஆப்பில் தொடங்குங்கள். இப்படி இரண்டு முறை. மூன்றாவது முறையும் வரவில்லை என்றால் கன்னை மாற்றுங்கள், அங்கேயே நின்று அரை மணி நேரம் கஸ்டமர் கேரோடு பேசுவதானால் இடத்தை விட்டுத் தள்ளி நின்று பேசுங்கள். பெட்டி எண், கன் எண், திரையில் வந்த பிழைக் குறி, நேரம் நான்கையும் சொன்னால்தான் அவர்களால் தொலைவிலிருந்து பார்க்க முடியும். திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் நான்கும் அதிலேயே வந்துவிடும்.

ஆப்பில் அடுத்து வருகிறவர்களுக்காக எழுதும்போது “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் ஒன்றும் புரியாது. பெட்டியா, கன்னா, உங்கள் வண்டியா? இப்படி எழுதினால் போதும்: “கன் 2 சிசிஎஸ் லாக் ஆகவில்லை, இரண்டு முறை முயன்றேன். கன் 1-இல் 43 கிலோவாட் வந்தது. மாலை 6.20, ஒரு வண்டி காத்திருக்கிறது.”